தமிழ்நாடு மேஜை

என் ஓவிய டீச்சரை நினைத்தால் முகம் ஞாபகத்துக்கு வருவதில்லை. இரண்டு விரல்கள்தான் வருகின்றன. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாக, செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குவது போல, ஒரு கொத்து வேப்பிலையைத் தூக்கினார். கையை உடம்பிலிருந்து எட்ட நீட்டிக்கொண்டு வகுப்பின் மூலைவரை நடந்துபோய்க் குப்பைக்கூடையில் போட்டார். போட்டுவிட்டுக் கைக்குட்டையால் அந்த இரண்டு விரல்களையும் ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டார். வேப்பிலை அன்று காலையில் என் அப்பா மரமேறிப் பறித்துக் கொடுத்தது. எனக்கு ஒன்பது வயது, நாலாம் வகுப்பு. அந்த அம்மாள் குழந்தைகளுக்குக் கலையும் பண்பாடும் சொல்லிக்கொடுப்பதற்காகச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார்.

புனேவில் கட்கி என்றால் ராணுவக் குடியிருப்புகளும் வெடிமருந்து ஃபேக்டரியும்தான். அப்பா அந்த ஃபேக்டரியில் மெஷின் ஆபரேட்டர். தாத்தா காலத்திலேயே ஆரணிப் பக்கத்திலிருந்து வந்து வேலைக்குச் சேர்ந்த குடும்பம் எங்களுடையது. வீட்டுக்குள் ஆரணித் தமிழ். வாசலைத் தாண்டினால் இந்தியும் மராத்தியும். உருளைக்கிழங்கை பட்டாட்டா என்றும் அவலை போஹா என்றும் சொல்லித்தான் வளர்ந்தோம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் இங்கிலீஷ் மீடியம் ஆரம்பப் பள்ளிக்கு ஓவியம் சொல்லித்தர ஒரு தமிழ் டீச்சர் வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டதும் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. டீச்சரின் கணவர் வங்கியில் அதிகாரி, சென்னையிலிருந்து மாற்றலாகி வந்தவர்கள். "நம்ம பாஷ டீச்சரு வந்துக்கீறாங்களாம்டி. ஒண்ணு வேணும்னா வாயத் தொறந்து கேளு, நம்ம பாஷையிலயே கேளு" என்று எனக்குத் தலை பின்னிக்கொண்டே சொன்னாள்.

நானும் கேட்டேன். முதல் நாளே கையைத் தூக்கி, "டீச்சர், தண்ணி குட்சிட்டு வரட்டா?" என்றேன். டீச்சர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். "குட்சிட்டா? இது என்னம்மா பாஷை?" என்று தமிழில் கேட்டுவிட்டு, உடனே இந்திக்கு மாறி, "உனக்கு இந்தி வருமில்லையா? அதிலேயே பேசு" என்றார். அதற்குப் பிறகு அந்த வருடம் முழுக்க வகுப்பில் அவர் என்னிடம் தமிழ் பேசியது விரல்விட்டு எண்ணக்கூடிய தடவைகள்தான். அதுவும் பெரும்பாலும் மற்றவர்களுக்குப் புரியக் கூடாத விஷயமாக இருந்தால்தான். தீபாவளிக்கு அம்மா அதிரசம் சுட்டு, வாழையிலையில் சுற்றி, அவருக்கென்று கொடுத்தனுப்பினாள். "தேங்க்யூ" என்று வாங்கி மேஜையில் வைத்தார். இன்டர்வெல் மணி அடித்து நான் வராந்தாவுக்கு வந்தபோது, பள்ளியின் பியூன் அந்த வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்துத் தின்றுகொண்டிருந்தார். பியூன் சாப்பிட்டதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர் ரசித்துத்தான் சாப்பிட்டார். ஆனால் வீட்டுக்குப் போனதும் அம்மா, "டீச்சரு துன்னாங்களா? இன்னா சொன்னாங்க?" என்று கேட்டாள். நல்லா இருந்துச்சாம் என்றேன். அந்த டீச்சருக்காக நான் சொன்ன முதல் பொய் அது.

அவருடைய கலைக்கொள்கை ஒரே வரியில் அடங்கிவிடும்: கோட்டுக்கு வெளியே கலர் போகக் கூடாது. கோடும் நாங்கள் போட்டதாக இருக்கக் கூடாது. கார்பன் தாளை வைத்து ஒரு மயிலை நகலெடுத்துத் தருவார். நாற்பது பிள்ளைகளும் அதை நிரப்ப வேண்டும். நாற்பதும் ஒரே மாதிரி வந்துவிட்டால் அவர் முகத்தில் அப்படி ஒரு நிறைவு. தீபாவளி சமயத்தில் புனேப் பிள்ளைகள் வீட்டு வாசலில் மண்ணைக் குழைத்துக் கோட்டை கட்டுவார்கள். மண்சுவரில் கடுகைத் தூவி முளைக்கவைத்து, களிமண் சிப்பாய்களைக் கொத்தளத்தில் நிறுத்துவார்கள். எங்கள் குவார்ட்டர்ஸில் மராத்திப் பிள்ளைகளோடு சேர்ந்து நாங்களும் முழங்கால்வரை சேறாகிக் கட்டியிருக்கிறோம். டீச்சர் அந்தக் கோட்டையையும் வகுப்புக்குள் கொண்டுவந்தார். தெர்மகோல் கோட்டை. கடுகுச் செடிக்குப் பதில் பச்சைச் சாயம் தோய்த்த மரத்தூள். ஒரு பிள்ளையின் கையிலும் மண் ஒட்டவில்லை. "எவ்வளவு நீட்டா இருக்கு பாருங்க" என்று தலைமையாசிரியையிடம் காட்டினார். நீட்டாக இருப்பதைத் தவிர வேறு அழகு எதுவும் அவருக்குத் தெரியாது என்பதை அந்த வயதில் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஜனவரியில் குடியரசு தினத்தையொட்டிப் பள்ளியில் ஒரு கண்காட்சி நடக்கும். ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு மேஜை. அந்தந்த ஊர்ப் பிள்ளைகள் தங்கள் வீட்டு வழக்கத்தை வைத்து ஒரு கைவேலை செய்துகொண்டு வர வேண்டும் என்பது அறிவிப்பு. நடப்பதோ வேறு. ஸ்டேஷனரிக் கடைகளில் ஒரு சார்ட் விற்கும். மாநிலத்துக்கு ஒரு ஆண், ஒரு பெண், ஒரு நடனம், ஒரு பலகாரம் என்று தபால்தலை அளவில் படங்கள் அச்சிட்ட சார்ட். டீச்சரின் பண்பாட்டு ஞானம் முழுக்க அதிலிருந்து வந்தது. அதில் இல்லாத வழக்கம் இந்தியாவில் இல்லை. தமிழ்நாட்டுக்கு மட்டும் அவருக்குச் சார்ட் தேவைப்படவில்லை. தன் வீடே போதும் என்று நினைத்தார். எங்கள் வகுப்பின் தமிழ்ப் பிள்ளைகள் நால்வரையும் எழுப்பி நிறுத்தி, "உங்க வீட்டுக் கொலுவுல எத்தனை படி?" என்று கேட்டார். நால்வரும் ஃபேக்டரிக்காரர் பிள்ளைகள். மற்ற மூவரும் என்னைப் பார்த்தார்கள்.

"எங்க ஊட்ல கொலு வெக்க மாட்டாங்க டீச்சர்" என்றேன் நான்.

"பொய் சொல்லக் கூடாது. தமிழ்க்காரங்க வீட்டுல கொலு வைக்காம இருப்பாங்களா?"

"கரகம் எடுப்போம் டீச்சர். எங்கப்பாதான் எடுப்பாரு."

மணி அடித்துவிட்டது. "சரி, ஏதோ கொண்டு வா, பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஏதோ. அந்தச் சொல்லை நான் அனுமதி என்று எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

எங்கள் குவார்ட்டர்ஸ் பக்கத்தில் ஃபேக்டரித் தமிழர்கள் சேர்ந்து கட்டிய சின்ன மாரியம்மன் கோயில் உண்டு. ஆடி மாதம் அங்கே கூழ் ஊற்றுவார்கள். அன்றைக்கு முளா ஆற்றங்கரையில் வைத்துக் கரகம் ஜோடிப்பார்கள். மஞ்சள் பூசிய செம்பில் தண்ணீர் நிரப்பி, சுற்றிலும் வேப்பிலை சொருகி, கோபுரம் போலப் பூச்சுற்றி, உச்சியில் எலுமிச்சம்பழம் குத்தி, அப்பா தலையில் ஏற்றுவார்கள். அப்பா பத்து நாள் விரதம் இருந்திருப்பார். புனேவின் ஆடி என்பது அடைமழை. மழை கொட்டக் கொட்ட மஞ்சள் வேட்டி சாயம் இறங்கிக் காலெல்லாம் மஞ்சளாக, கையால் பிடிக்காமல் கரகத்தைச் சுமந்து கோயில்வரை வருவார். ஃபேக்டரியில் யார் அதட்டினாலும் தலை குனிந்து நிற்கிற மனிதர், அந்த ஒரு நாள் யாருக்கும் வழிவிட மாட்டார்; எல்லாரும் அவருக்கு வழிவிடுவார்கள். எனக்கு உலகத்திலேயே பெரிய காட்சி அதுதான்.

டீச்சர் கொண்டுவரச் சொன்னார் என்றதும் அப்பா கட்கி பஜாரிலிருந்து ஒரு சின்ன மண்பானை வாங்கி வந்தார். இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து செய்தோம். நான் வெள்ளைக் காகிதத்தை முறுக்கி மல்லிகை மொட்டுகள் செய்தேன். அவர் பானைக்கு மஞ்சள் அரைத்துப் பூசினார். மொட்டுச் சரத்தைச் சுற்றும்போது எங்கே இறுக்க வேண்டும், எங்கே விட வேண்டும் என்று என் விரலைப் பிடித்துக் காட்டினார். "இது வெளயாட்டுக் கரகந்தான். ஆனா வேப்பல மட்டும் நெசமா இருக்கட்டும்" என்றார். அந்த வேப்பிலைதான் குப்பைக்கூடைக்குப் போனது.

"சீ, எறும்பு இருக்கு பார்" என்று இந்தியில் சொன்னார் டீச்சர். பிறகு மற்றவர்களுக்குப் புரியாமலிருக்கத் தமிழுக்கு மாறினார். "இதெல்லாம் படிக்காதவங்க பண்றதும்மா. நாலு பேர் வந்து பார்க்கற இடம். தமிழ்நாடுன்னா ஒரு கௌரவமா இருக்க வேண்டாமா?" காகித மொட்டுகளையும் அவிழ்த்துப் போட்டார். எலுமிச்சம்பழத்தை என் கையில் கொடுத்து, டிபன் டப்பாவில் வைத்துக்கொள்ளச் சொன்னார். பானையை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பானை நல்லாத்தான் இருக்கு." அலமாரியைத் திறந்து தங்கநிற எனாமல் பெயிண்ட் டப்பாவை எடுத்தார். அப்பா பூசிய மஞ்சளின் மேல் அவர் கையாலேயே தங்கத்தை அடித்தார். பச்சைக் காகிதத்தில் மாவிலை வெட்டிச் சொருகி, ஒரு தேங்காயை வைத்து, கலசம் என்று பெயர் சொல்லி, தன் வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த பொம்மைகளின் முதல் படியில் நிறுத்தினார். நான் அழவில்லை, எதிர்த்துப் பேசவில்லை. பெயிண்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டிருந்தது நான்தான். அவர் என்னை உதவிக்கு வைத்துக்கொண்டதில், இந்தக் கேவலத்தையும் எழுதத்தான் வேண்டும், எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

எனக்கு மனப்பாடம் நன்றாக வரும் என்பதால் மேஜைக்கு விளக்கம் சொல்லவும் என்னையே நிறுத்தினார். அரைப் பக்க இங்கிலீஷ். தமிழர் ஒவ்வொருவர் வீட்டிலும் வருடா வருடம் கொலு வைப்பார்கள், எங்கள் வீட்டில் ஒன்பது படி வைப்போம் என்று அதில் இருந்தது. எங்கள் குவார்ட்டர்ஸில் ஒன்பது படி வைத்தால் வீட்டிலுள்ள நாலு பேரும் வாசலில்தான் படுக்க வேண்டும். கண்காட்சியன்று வருகிற எல்லாரிடமும் மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். மத்தியானம் அப்பா வந்தார். அரை நாள் லீவு போட்டுவிட்டு, கல்யாணங்களுக்கு மட்டும் போடுகிற சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வந்திருந்தார். மேஜை முன் நின்று படிகளை மேலிருந்து கீழாகப் பார்த்தார். தங்கப் பானையில் வந்து கண் நின்றது. நான் அவருக்கும் ஒப்பித்தேன், வேறு யாருக்கோ சொல்வது போல. அவர் கேட்டு முடித்தார். பிறகு டீச்சர் பக்கம் திரும்பி இரண்டு கையையும் கூப்பினார்.

"வணக்கம் டீச்சர். புள்ளைக்கு நல்லா சொல்லிக் குடுத்துக்கீறீங்க."

டீச்சர் சட்டைக் காலரிலிருந்து செருப்புவரை அவரை ஒரு முறை பார்த்தார். "பஹுத் ஹோஷியார் ஹை ஆப்கி பேட்டி" என்றார். உங்கள் மகள் ரொம்பக் கெட்டிக்காரி என்று. ஒரு தமிழர் தமிழில் சொன்ன வணக்கத்துக்கு, தமிழ்நாடு மேஜைக்குப் பின்னால் நின்றுகொண்டு, இந்தியில் பதில். அப்பாவும் இந்தியிலேயே நன்றி சொல்லி, இன்னொரு முறை கும்பிட்டுவிட்டு, பஸ் பிடிக்கப் போனார். எங்கள் மேஜைக்கு முதல் பரிசு. எனக்கு ஒரு வாட்டர் கலர் டப்பா.

அந்த டீச்சரிடம் நான் ஓவியம் கற்கவில்லை. இளக்காரத்தைக் கற்றேன், அதைக் கோட்டுக்கு வெளியே ஒரு சொட்டுப் போகாமல் கற்றேன். வீட்டில் அம்மாவைத் திருத்த ஆரம்பித்தேன். குட்சிட்டு இல்லம்மா, குடிச்சிட்டு. ஊடு இல்ல, வீடு. முதலில் சிரித்தாள். "அய்ய, வந்துட்டா டீச்சரம்மா" என்றாள். நான் விடவில்லை. சில மாதங்களில் என்னிடம் மட்டும் நிறுத்தி நிதானமாக 'வீடு' என்று சொல்லத் தொடங்கினாள். மற்ற எல்லாரிடமும் ஊடுதான். என்னிடம் பேசும்போது மட்டும் ஒவ்வொரு சொல்லையும் பார்த்துப் பார்த்து எடுத்துவைத்தாள். அப்படிப் பேசுவது சிரமமாக இருந்ததால் பேசுவதையே குறைத்துக்கொண்டாள். பத்து வயதுக்குப் பிறகு ஆடித் திருவிழாவுக்கு நான் போகவில்லை. ட்யூஷன் என்பேன், பரீட்சை என்பேன். உண்மையான காரணம் அப்பாவின் அந்தக் கும்பிடு. தன் கரகத்தை என்ன செய்துவைத்திருக்கிறார்கள் என்றுகூடப் புரியாமல் கையைக் கூப்பி நின்ற ஒரு மனிதர், அதே கையோடு ஆற்றங்கரையில் ராஜா மாதிரி நடந்து வருவதை என்னால் நம்ப முடியவில்லை. டீச்சர்மேல் எனக்கு இருந்தது வெறுப்பு. அப்பாமேல் இருந்தது அதைவிட மட்டமான ஒன்று.

பிறகு நான் படித்து, புனேவிலேயே ஹிஞ்சவடியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, கல்யாணமாகி, இரண்டாயிரங்களின் கடைசியில் வாகட்டில் ஒரு அடுக்ககத்துக்குக் குடிவந்தேன். சென்னை, கோயம்புத்தூர் என்று எங்கிருந்தெல்லாமோ வந்த தமிழ்க் குடும்பங்கள் அங்கே நிறைய. ஓய்வு பெற்றுவிட்ட அப்பா மாதம் ஒரு முறை கட்கியிலிருந்து வந்து இரண்டு நாள் தங்குவார். அப்படி அவர் வந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அழைப்பு மணி அடித்தது. கையில் ஒரு ஃபைலோடு டீச்சர் நின்றார். தலை முழுக்க நரைத்திருந்தது. குரல் அப்படியே இருந்தது.

"வணக்கம்மா. பக்கத்து பிளாக்ல பையன் வீட்டுல இருக்கேன். இங்க குழந்தைங்களுக்கு டிராயிங் கிளாஸ் எடுக்கறேன். பொங்கலுக்கு ஒரு எக்ஸிபிஷன், நம்ம நாட்டுப்புறக் கலைகள்னு. இப்பல்லாம் இதுக்குத்தான் மதிப்பு, தெரியுமில்ல?"

என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. உள்ளே வரச் சொன்னேன். அவரிடம் கற்ற தமிழிலேயே பேசினேன். "உங்க தமிழ் எவ்வளவு சுத்தமா இருக்கு! மெட்ராஸ்ல எங்கே?" என்று கேட்டார். நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கு நிச்சயமில்லை. அதற்குள் அப்பா வேட்டியும் தோளில் துண்டுமாக உள்ளறையிலிருந்து வந்துவிட்டார். பார்த்ததும் தெரிந்துகொண்டார்.

"வணக்கம் டீச்சர்! நல்லா கீறீங்களா? இது உங்ககிட்ட படிச்ச புள்ளதான். கட்கில."

டீச்சர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சற்று முன் என் தமிழுக்குக் கொடுத்த மதிப்பெண்ணை அவர் திரும்ப எடுத்துக்கொண்டது முகத்தில் தெரிந்தது. ஆனால் கட்கி என்ற சொல் வேறொரு வகையில் உதவியது. "கட்கியா? அங்க ஆடியில கரகமெல்லாம் எடுப்பாங்களாமே. யாரையாவது தெரியுமா உங்களுக்கு?"

"நான்தாம்மா எடுக்கறேன். முப்பது வருசமா."

"அடடா, ஒரிஜினல் கரகம்! ஒரு மணி நேரம் தலையில வச்சுட்டு வந்து நின்னா போதும். குழந்தைங்க உங்களைப் பார்த்து வரைவாங்க. இந்த வேட்டியெல்லாம் வேண்டாம், காஸ்ட்யூம் நான் ஏற்பாடு பண்றேன்."

அப்பா சிரித்தார். "அது வெரதம் இருந்து எடுக்கறதும்மா. கோயிலுக்குத்தான் போவும். நிக்க வெச்சிக் காட்டறது இல்ல."

டீச்சர் என் பக்கம் திரும்பி, இங்கிலீஷில், நீ படித்தவள், அவருக்குக் கொஞ்சம் எடுத்துச் சொல்லேன் என்றார். அப்பாவின் தலைக்கு மேலாக, அவர் அங்கே இல்லாதது போல.

எனக்குள் எங்கோ கிடந்த ஆரணித் தமிழ் வாயில் வந்தது. "அவரு சொன்னது உங்க காதுல வுழலையா டீச்சர்? எங்கப்பா வர மாட்டாரு. நாலாங்கிளாசுல நான் கொண்டாந்த கரகத்துல வேப்பலையப் புடுங்கிக் குப்பையில போட்டுட்டு, பானைக்குத் தங்க பெயிண்ட் அடிச்சீங்க. நெனப்பு இருக்குதா?"

அவர் உண்மையாகவே யோசித்துப் பார்த்தார். "தங்கக் கலரா? நல்லா இருந்திருக்குமே" என்றார்.

கேலியில்லை, குத்தலில்லை. மனதாரத்தான் சொன்னார். வருத்தப்படக்கூட ஓர் அறிவு வேண்டியிருக்கிறது. அது அவரிடம் என்றைக்குமே இருக்கவில்லை. ஃபைலை மூடிக்கொண்டு, எதிர் வீட்டு மணியை அடிக்கப் போனார்.

கதவைச் சாத்தியதும் அப்பா என்னைக் கடிந்துகொண்டார். "பெரியவங்ககிட்ட இப்டியா பேசுவாங்க?"

"நீதாம்பா அன்னிக்கு அவங்களக் கும்பிட்டே. கரகத்த இன்னா பண்ணி வெச்சிருந்தாங்கன்னு கூடத் தெரியாம கும்பிட்டே." எத்தனையோ வருடங்களாகச் சொல்லாமல் வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது.

அப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தெரியாம இன்னா? என் கையால மஞ்சா பூசுன பான எனக்குத் தெரியாதா? நீ ஒம்போது படின்னு இங்கிலீசுல சொன்னதும் புரிஞ்சுது. ஃபேக்டரில ஆபீசருங்க பேசறதக் கேட்டுக்கினு கெடந்தவன்தான நானு."

"அப்ப ஏன் ஒண்ணும் கேக்கல?"

"கேட்டுட்டு நான் டூட்டிக்குப் பூடுவேன். மறுநாளு அந்தம்மா முன்னால போயி உக்கார வேண்டியது நீ."

சொல்லிவிட்டு டீ கேட்டார். போட்டுக் கொடுத்தேன். அவர் குடித்து முடிக்கும்வரை சமையலறையிலேயே நின்றுகொண்டிருந்தேன். டீச்சரை நான் மன்னிக்கவில்லை, அந்த உத்தேசமும் இல்லை. அவருக்குச் சேர வேண்டிய இளக்காரம் இன்றைக்கும் என்னிடம் குறையாமல் இருக்கிறது. ஆனால் அவரிடம் காட்டியிருக்க வேண்டியதை வருடக்கணக்காக அப்பாவிடம் காட்டியிருக்கிறேன். அதை எனக்கு எந்த டீச்சரும் கார்பன் தாள் வைத்துப் போட்டுத் தரவில்லை. நானே செய்தது.